இருநூற்றுப் பதினான்கு

ஏலூர் என்றால் ஏலம் விளைகிற ஊர் என்கிறார்கள்.
எயிலூர் தேய்ந்துதான் ஏலூர் ஆனது என்பது
என் ஆசை.
ஆசைக்குக் குறிப்பேட்டில் கட்டம் கிடையாது.
குழி எண், ஆழம், மண்ணின் நிறம்,
அவ்வளவுதான்.

முதலில் தோண்டியது நாங்கள் அல்ல.
யானை அகழி வெட்ட வந்த ஜெபமணியின் ஜேசிபி.
பண்ணைக்காட்டுக்கு மேலே, காப்பித் தோட்டம் முடிந்து
காடு தொடங்கும் விளிம்பில்
பக்கெட் ஆளுயரம் இறங்கியதும்
செம்மண் கறுத்து,
கறுப்பு சரிந்து வளைந்து
வேறோர் அகழியின் வயிற்றைக் காட்டியது.
"எனக்கு முன்னாடியே எவனோ
இதே கோட்டுல வெட்டியிருக்கான் மேடம்."
எழுநூறு வருடம் முந்திக்கொண்ட காண்ட்ராக்டர் மேல்
அவனுக்குக் கோபம்கூட.

இருபத்தாறு நாள்.
மூடுபனியில் நூல்கட்டிய ஆணியைத் தேடவே
காலையில் அரைமணி போகும்.
அட்டைக்கு உப்பு. கொசுவுக்கு நொச்சித் தழைப் புகை.
வரைதாளில் நான் இறக்கிவைத்தவை:
அடியில் பாறை,
அதன்மேல் விரல் தடிமன் வண்டல்,
தண்ணீர் தேங்கியதற்குத் தண்ணீரே போட்ட கையெழுத்து.
உட்கரையில் மதிலின் அடிவரிசை,
காரை பூசாத அடுக்குக்கல், ஏழு முழ அகலம்.
நடுநடுவே உடைந்த அம்மி இரண்டு, உரலில் பாதி.
கல் போதாத அவசரத்தில்
எந்த வீட்டில் அன்றைக்கு அரைக்காமல் குழம்பு வைத்தார்களோ,
அதற்கும் கட்டம் கிடையாது.

மதில்மேல் நிற்கிறவன் குனிந்தால் கைக்கெட்டும் இடத்தில்
கவண்கல் குவியல்.
ஓடையில் பொறுக்கியவை, எலுமிச்சை அளவு.
ஒச்சம்மாள் எண்ணினாள்: இருநூற்றுப் பதினான்கு.
அகழிக்குள் ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை.
அம்புமுனை இல்லை. எரிந்த அடுக்கு இல்லை.
காப்பி காயவைக்கும் களத்தில் படியாய்க் கிடந்த கல்லில்
"எறிவீ" என்று மூன்றெழுத்து மிச்சம்.
மிளகுப்பொதி ஏற்றிவந்த வணிகர்
காவலுக்கு வீரரை நிறுத்திய பட்டினம் என்று
இயக்குநர் அதை நீட்டிப் படித்தார்.
நான் மூன்றெழுத்தோடு நின்றுகொண்டேன்.

மதிலைக் காப்பவன் நொச்சி சூடுவான்,
வளைப்பவன் உழிஞை.
மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
இங்கே நொச்சி புதர்புதராய் நிற்கிறது.
உழிஞையைத்தான் காணோம்.

பதினெட்டாம் நாள் வெளிக்கரையைச் சுரண்டினோம்.
ஓரம் உடைந்து,
அரைவட்டம் அரைவட்டமாய் உள்நோக்கிச் சரிந்திருந்தது பழைய மண்.
மழை அறுத்தால் இப்படி வராது.
மண்வெட்டி என்றால் தடம் இருக்கும்.
அந்த நேரம் பார்த்து ஜெபமணி வந்தான்,
பில் பாஸாகாது என்ற புலம்பலோடு.
வளைவுக்கு அப்பால் அவன் வெட்டி முடித்த அகழியை
ராத்திரி வந்து உடைத்துவிட்டுப் போயிருக்கிறதாம்.
போய்ப் பார்த்தோம்.
முன்காலால் விளிம்பை உதைத்து, உதைத்து,
மண்ணைத் தள்ளி,
உட்கார்ந்து சறுக்கி, அக்கரை ஏறி,
ஒச்சம்மாள் கொல்லையில் ஆறு மலைவாழை.
ஒன்றுக்குப் பத்து அளவில் இரண்டு ஓரத்தையும்
ஒரே தாளில் வரைந்தேன்.
எது நேற்றையது என்று
எனக்கே குறித்துவைக்க வேண்டியிருந்தது.

"எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பலகை வைப்பார்கள், கோட்டை என்று.
யானை என்று எழுதினால் அதுவும் வராது."
இயக்குநர் சொன்னதில் தப்பில்லை.
'வெளிக்கரை: உடைப்பு. காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன்.
அரைவட்டங்களை மட்டும்
ஒன்று விடாமல் போட்டேன்.

கடைசி இரவு கொட்டகைக்குப் பின்னால் மூங்கில் முறிந்தது.
ஒச்சம்மாள் எழுந்து வெளியே போனாள்.
தாளில் ஏற்ற முடியாத ஒரு வசவு.
பிறகு, ஈரமண்ணில் பொத்தென்று ஒரு சத்தம்.

காலையில் சாக்கை அவிழ்த்து எண்ணினேன்.
இருநூற்றுப் பதின்மூன்று.
அவள் நொச்சிச் சாம்பலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்,
நிமிரவில்லை.
குறிப்பேட்டில் 'எறியப்பட்டவை' கட்டத்தில்
என்றோ நான் போட்ட சுழியம்.
அதை அடித்துவிட்டு
வெகுநேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.