பதினொரு மூச்சு

கத்தரிக்கு வேலை இருக்காது
என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டாள் ஹால்ஷ்கா.
விதி ஒரே வரி. ஆலையின் இரும்புக் கதவில்
சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள்:
பிடிப்பவன் மூச்சடக்கும் வரை ஒரு காட்சி.

வூச் நகரம். பேருக்குப் பொருள் படகு.
ஆறுகளை எப்போதோ மண்ணுக்குள் தள்ளி மூடிவிட்டார்கள்.
பிப்ரவரி ஞாயிறு. தறிகள் ஓடவில்லை.

அவள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை.
வெற்று முதுகைச் சுவருக்குக் கொடுத்து
இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள்,
தொடை நடுங்கும் வரை,
நடுங்கிய பின்னும்.
போகுமில் காமிராவுக்குச் சாவி முறுக்கினான்,
கன்னம் உப்பக் காற்றை இழுத்தான்,
பொத்தானை அழுத்தினான்.

இருபத்து நான்கு நொடி.
இருபத்திரண்டு.
பிறகு பத்தொன்பது.
பதினாறு வருடம் இதே கட்டடத்தில்
பஞ்சு கொட்டும் அறையில் நின்றவன் அவன்.
சட்டகத்தின் ஓரம் ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் முன்னதாகவே ஆடத் தொடங்கியது.

தணிக்கைக் குழு கேட்டது: இதற்கு என்ன அர்த்தம்?
நாங்கள் மூவரும் மூச்சு விடவில்லை.
பிறகு எழுதினார்கள். உழைப்பு என்றார்கள், காத்திருப்பு என்றார்கள்,
ஒரு மாணவன் அவள் முழங்காலைப் பற்றி மட்டும்
முப்பது பக்கம்.
காட்சிகள் ஏன் குறுகிக்கொண்டே போகின்றன என்று
ஒருவரும் கேட்கவில்லை.
திரையில் இருப்பது அவள் தொடை,
ஓடுவது அவன் நுரையீரல்.

பதினொன்றாவது, நான்கே நொடி.
அதில் அவள் பார்வை லென்ஸை விட்டு
ஒரு விரற்கடை மேலே ஏறும்.
வாய் திறக்கும்.
அங்கே முடிகிறது படம்.

அங்கே முடியவில்லை.
இருமல் மடக்கிப் போட்டபோதும்
போகுமிலின் விரல் பொத்தானிலேயே இருந்தது.
மரத்தரை, அவன் பூட்ஸ், சாய்ந்த ஜன்னல்,
அப்புறம் வெறுங்கால் இரண்டு,
கலங்கலாய், ஓடி வருகின்றன.

மூச்சு விட்ட பிறகு ஓடிய ஃபிலிம்.
விதிப்படி அது படமில்லை.
ஹால்ஷ்கா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
நான் வெட்டினேன்,
அந்த ஒரே ஒரு முறை.

எறியச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.
நாலு முழம் இருக்கும். தேயிலை டின்னில் சுருட்டி வைத்திருக்கிறேன்.
சில ராத்திரி பல்புக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன்.
கால்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.
போகுமில் போய் ஒன்பது வருடமாகிறது.
சுருளில் இன்னமும்
லேசாகத் தேயிலை மணம்.