எந்த நடுக்கம்

வால்பரைசோவில் ஒரு குன்றின் உச்சியில்
கம்பி இழுக்கும் பெட்டிக்குச் சீட்டுக் கிழிப்பவள் நான்.
நிபால்தோவால் எனக்கு
நாளொன்றுக்கு ஒரு சீட்டு நட்டம்.

மாலை ஐந்து மணி.
துறைமுகத்தில் கிரேனின் கை தாழும்,
எதிரே மதுக்கடையின் இரும்புத் திரை உயரும்.
இருபத்திரண்டு வருடம் அந்த நேரத்தில்
அது அவன் தலைக்கு ஏறியது.
பிறகு கீழேயிருந்து மூட்டைபோல் ஏற்றி அனுப்புவார்கள்.
காசை அவன் பையிலிருந்து
நானே எடுத்துக்கொள்வேன்.

இந்த மார்ச்சிலிருந்து அவனே ஏறுகிறான்.
நூற்று அறுபத்தொரு படி.

முதல் நாள் முப்பதாம் படியில் வாந்தி.
ஜன்னலைத் திறந்து ஒர்தென்சியா கத்தினாளாம்:
"குடித்துவிட்டு வந்தாயா?"
"இல்லை. அதனால்தான்."
மறுநாள் ஒரு வாளியும் துடைப்பமுமாக வந்து
அந்தப் படியைக் கழுவிவிட்டு
முப்பத்தொன்றில் உட்கார்ந்திருக்கிறான்.

ஓடு, ஏறு, வியர்த்துப் போ,
மூளைக்குள் ஏதோ சுரக்கும் என்று
மருந்தகத்துத் தாதி படம் வரைந்து காட்டினாளாம்.
படம் அவனுக்குப் புரியவில்லை.
"மூச்சு வாங்கும்போது
வேறெதையும் வாங்கத் தோன்றுவதில்லை, சீமாட்டி"
என்றான் என்னிடம்,
கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு,
நாய்போல் இரைத்தபடி.

ஜூன் மழையில் வழுக்கி முட்டி பெயர்ந்தது.
கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான்.
ஜூலையில் ஒர்தென்சியாவின் எரிவாயு உருளை
அவன் தோளில் வந்தது.

செப்டம்பர் திருவிழாவில் ஊரே சீச்சா குடித்தது.
மூன்று நாள் அவன் தலை
என் படிக்கட்டின் விளிம்பில் முளைக்கவில்லை.
நான்காம் நாள் அவனைப் பெட்டியில் அனுப்பினார்கள்.
பையில் கைவிட்டேன்.
சில்லறை இல்லை.
நான் எதுவும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் ஐந்தே கால்.
முதலில் தொப்பி, பிறகு நெற்றி.
கூட்டத்தில் அவன் நாள்கணக்கை அழித்து
ஒன்று என்று எழுதிவிட்டார்களாம்.
"முட்டிக்கு அது தெரியாது," என்றான்.
"நூற்றுப் பத்துவரை நிற்காமல் கொண்டுவந்தது."

பிறகு வலக் கையை நீட்டி
விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான்.
நடுங்கின.
தண்ணீர் தரட்டுமா என்றேன்.

"பொறுங்கள்.
இது எந்த நடுக்கம் என்று பார்க்கிறேன்."

கீழிருந்து மணி அடித்தது.
பெட்டி நிறைய ஆட்கள்.
நான் சீட்டைக் கிழிக்கத் திரும்பினேன்.