நூற்று நாற்பத்தேழு

சாவு ஊர்வலத்தில் நான் நிறுத்தியதே இல்லை.
வீட்டு வாசலில் எடுத்த அடி
கல்லறைக் கேட்டு வரைக்கும் போகும்.
நடுவில் நிறுத்தினால்
அழுகை தனியாகக் கேட்கும்,
பேசின காசும் குறையும்.

இங்கே, ரயிலடிப் பக்கத்துக் கோயிலில்,
இரண்டு செப்புக் கொப்பரைகளுக்குப் பின்னால்
இரவல் கோட்டில் நிற்கிறேன்.
எதுவார் சார் தந்த தாளில்
இந்தப் பாட்டுக்கு எனக்குப் பதினோரு அடி.
மீதி ஒரு தடித்த கோடு,
கோட்டின் தலையில் ஓர் எண்: 147.
"அவ்வளவும் சும்மா நிக்கணும் கஸ்பார்.
சும்மா இல்ல. எண்ணிக்கிட்டு."

சென்னையிலிருந்து வந்த வயலின்காரர்கள்
கடற்காற்றைத் திட்டியபடி பிருடை முறுக்குகிறார்கள்.
என் தோலும் இறங்கிவிட்டது.
தப்படிக்கிற கூட்டாளி என்றால்
வைக்கோல் கொளுத்திக் காய்ச்சிவிடுவான்.
நான் குனிந்து, தோலில் காது வைத்து,
செல்லோவிடம் கொஞ்சம் சுருதி திருடிக்கொண்டேன்.

ஒன்று இரண்டு மூன்று நான்கு.
இரண்டு இரண்டு மூன்று நான்கு.
மூன்று இரண்டு மூன்று நான்கு.

லத்தீன் எனக்குத் தெரியாது.
செத்தவர்களுக்கு என்பது மட்டும் தெரிகிறது,
மாரில் அடித்துக்கொள்ள ஆளில்லாவிட்டாலும்.
அடிக்குரல்காரர்கள் ஒரு வரியைத் தொடங்க
மேலே இருப்பவர்கள் முடியுமுன்னே பிடுங்குகிறார்கள்,
பாகப்பிரிவினைப் பங்காளிகள் மாதிரி
எல்லோருக்கும் அதே வரிதான் வேண்டும்.
வம்பாகீரப்பாளையத்து ஐஸ் கம்பெனி சவரிநாதன்
மோட்டார் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை,
அதை மட்டும் சாரின் இடது உள்ளங்கை
அமுக்கிக்கொண்டே இருக்கிறது.

எண்பதா, எண்பத்தொன்றா,
ரயில் ஊதியது
எந்தச் சுருதியிலும் சேராமல்.

எண் போய்விட்டது.

போன தையில் நெல்லித்தோப்பில் ஒரு சின்னப் பெட்டி.
வரச்சொல்லிவிட்டு அந்த அப்பா சொன்னார்:
வாசிக்க வேணாம், கூட நடங்க, போதும்.
கழுத்தில் டிரம்மைத் தொங்கவிட்டு
கல்லறை வரை நடந்தேன்.
அன்றைக்கு எண்ணவில்லை.

ஆல்டோ வரிசையில் ஜெர்மேன்.
கூட்டுறவு வங்கியில் கேஷியர்.
பாடாத நேரத்தில், தாள் மறைவில்,
அவள் கட்டைவிரல் நகர்கிறது
நோட்டுக்கட்டு எண்ணுவது போல.
தப்பாது அந்த விரல்.
அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் தாடை நிமிர்ந்தது.
குச்சியைத் தூக்கினேன்.

அடி என்று சொல்ல முடியாது அதை.
தூரத்து லாரி கடக்கையில்
மேசை டம்ளரில் தண்ணீர் நடுங்குமே, அவ்வளவுதான்.
அதன் மேல் பாதம் வைத்து
அறுபது பேர் ஏறிப் போனார்கள்.

வெளியே, செருப்புத் தேடும் நெரிசலில்
நன்றி சொன்னேன்: "ரயில் வந்தப்போ விட்டுட்டேம்மா,
உங்க விரலைத்தான் பிடிச்சுக்கிட்டேன்."

ஜெர்மேன் சிரிக்கவில்லை.
"நானும் அங்கதான் விட்டேன்.
விரல் சும்மா ஓடிச்சு.
நீங்க குச்சியைத் தூக்கினதும்தான் மூச்சே எடுத்தேன்."