வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம்

இந்த அறையில் சோற்றைப் பற்றிப் பேச்சில்லை.
முதல் நாளே சொல்லிவிட்டார் புவான் ரொஸ்னா.
எடை பார்ப்பதெல்லாம் தாழ்வாரத்தோடு சரி.
இங்கே பென்சில், தாள்,
ஜன்னலுக்கு வெளியே கொம்தாரில் பாதி.

என் கையில் ஒரு படம். அவர் பார்க்கக் கூடாது.
நான் சொல்லச் சொல்ல அவர் வரைய வேண்டும்.
இடப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் கோடு,
அதன் நுனியிலிருந்து சற்றே சாய்வாக இன்னொன்று,
இல்லை, அவ்வளவு சாய்வில்லை…
கால் மணி நேரம்.
ஒரு பிசகும் விடவில்லை நான்.
அவர் தன் தாளைத் திருப்பிக் காட்டினார்:
செத்த சிலந்தி.

"பெராஹு என்று ஒரு சொல்
சொல்லியிருந்தால் போதுமே."

படகா?
என் தாளைப் பார்த்தேன்.
படகுதான்.
கோட்டுக்குக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தவளுக்குப்
படகு தெரியவில்லை.

பிறகு சீட்டுகள்.
நிறம் பார்த்துப் பிரி என்றார். பிரித்தேன்.
இனி வடிவம் என்றார்.
கை நிறத்திலேயே நின்றது.
"தப்பில்லை. கை என்ன நினைத்தது?"
மாறினால் திட்டு விழும் என்று.
"யார் திட்டுவது?"
அது என் குரலில்தான் பேசும்,
அடையாளம் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கு வெள்ளி ஒரே ஒரு மாற்றம்,
சின்னதாக, அசட்டுத்தனமாக.
முதல் வாரம் கைக்கடிகாரம் வலக்கைக்குப் போனது.
அடுத்த வாரம் ஜெலுத்தோங் பேருந்தை விட்டுவிட்டு
ஆயர் ஈத்தாம் பேருந்தில் ஏறிச் சுற்றி வந்தேன்.
அழுதேன்.
அழுதபடியே ஒரு கடை வாசலில்
தொப்பி போட்ட நாயைப் பார்த்தேன்.

இந்த வாரம் நாற்காலி.
சனிக்கிழமை காலை கவிநேசனின் இடத்தில் உட்கார்ந்தேன்.
"ஏய், அது என்னோடது" என்றான்.
தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான்.
அவ்வளவுதான். கூரை விழவில்லை.

இங்கே உட்கார்ந்தால்
சுவர்க்கடிகாரம் முதுகுக்குப் பின்னால்.
இரண்டு வருடமாக அந்த முள்ளைப் பார்த்துத்தான்
ஒவ்வொரு வாயும் மென்றேன்.
இப்போது எதிரில் ஜன்னல்.
மழை வரப்போகிறது,
எதிர் மாடியில் யாரோ
கொடித்துணியை அவசரமாக உருவுகிறார்கள்.

"பசியாறுறியா?"
அம்மா, கதவோரம், தோசைக் கரண்டியோடு.
என்னிடம் எப்போதும் இரண்டு பதில்கள்:
அப்புறம். வேண்டாம்.
மூன்றாவது ஒன்று எங்காவது இருக்கிறதா என்று
தேடிக்கொண்டிருந்தேன்.
அவளும் அவசரப்படுத்தவில்லை.
கல்லில் ஏதோ கருகும் வாசம்.

மணி என்ன என்று தெரியவில்லை.