வானம் பார்த்த கோழி

சுல்தான்பேட்டைப் பக்கம்
நிலம் வானம் பார்த்துக் கிடப்பது புதிதில்லை.
செவ்வாய்க்கிழமை வெடியால
கொடாப்பைத் தூக்கினால்
வெடைக்கோழியும் வானம் பார்த்தது.
கழுத்து பின்னால் முறுகி, அலகு மேலே போய்,
ஓரெட்டு வைத்தால் வட்டமாகச் சுற்றி
வைத்த இடத்திலேயே விழுந்தது.

வெள்ளைக்கழிச்சல்.
சின்ன வெங்காயம், மிளகு, கீழாநெல்லி
அரைத்து உருட்டி உள்ளே தள்ளினேன்.
விழுங்கத் தெரியவில்லை அதற்கு.
முந்தின நாள் போட்ட முட்டைக்கு
ஓடே இல்லை, தோல் மட்டும்.
உள்ளங்கையில் வைத்தால் நடுங்கியது.

"இப்பவே அறுத்தா கொழம்புக்காச்சும் ஆகும்"
என்றாள் துளசிமணி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.
"வாய்க்கால்ல வீசிட்டு வா"
என்றார் இவர், தறிக்குக் கிளம்பிக்கொண்டே.
தண்ணீர் விட்டிருக்கிற மாதம்.
கடைமடையில் யாரோ குடம் முக்குவார்கள்.

போன ஆடியில் ஒரு சேவலை
தானாகப் போகட்டும் என்று
சாக்கு போட்டு மூடி வைத்தேன்.
மூன்றாம் நாள் எறும்பு கண்ணுக்கு வந்திருந்தது.
கண் இன்னும் மூடித் திறந்துகொண்டிருந்தது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாட்டாஸ்பத்திரி பொங்கியண்ணன் போனில் சொன்னார்:
"பொழைக்காதுங்க. மத்ததுக்கும் ஒட்டீரும்.
கத்தி வேண்டாம்.
இடக்கையில ரெண்டு காலு.
வலக்கையில, மண்டைக்குப் பின்னால ரெண்டு வெரலு,
தாடைக்கடியில கட்டவெரலு.
கீழ இழுத்துப் பின்னால மடக்கோணும். ஒரே இழுப்பு.
பாவம்னு பாதியில உட்றாதீங்க,
அதுதான் பாவம்.
அப்பறம் றெக்க அடிக்கும். அது உசுரு இல்லீங்க."

பதினாறு வருஷமாய்த் தறியில் நிற்கிறேன்.
பாவில் எந்த இழை அறுந்ததென்று
பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கும்.
அதே விரல்தான்
மண்டைக்கும் முதல் எலும்புக்கும் நடுவே
பள்ளத்தைக் கண்டுபிடித்தது.
இறகுக்குள் அவ்வளவு சூடு.
நோய் பாதி திருகி வைத்திருந்தது.
மீதி என் பங்கு.

சத்தம் பெரிதாக இல்லை.
நூல் அறுவதைவிடக் கொஞ்சம் தடிப்பு.

இறக்கை அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.
உசுரு இல்லீங்க, உசுரு இல்லீங்க என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
காலை விடாமல் பிடித்திருந்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.

முழங்கால் ஆழக் குழி. சுண்ணாம்பு.
நாய் கிளறாமல் மேலே
ஆட்டுக்கல் உடைசல்.
கைக்கு மூன்று தடவை சோப்பு.
பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் எண்ணினாள். ஏழு.
"வலிச்சுதாம்மா?" என்றாள்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி ஷிஃப்டில் நாலாம் தறி நின்றது.
முடிச்சுப் போட நீண்ட கை
பாவுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது.
"என்னங்க்கா, கண்ணு சொக்குதா?"
என்றான் தார் சுற்றுகிற பையன்.
ஆமாம் என்றேன்.

தடுப்பு மருந்து சனிக்கிழமைதானாம்.
பொழுதோட அடைக்கும்போது
கருப்பி ஒரு காலில் தூங்கி நின்றாள்.