ஐந்தாவது நீலம்

உப்புவெளி விடுதியில் சாப்பாட்டு அறையின் கிழக்குச் சுவருக்கு
இது ஐந்தாவது நீலம்.
முதல் நீலத்தில் ஒரு திமிங்கிலம் இருந்தது.
வரைந்தவர் லியோனுக்குத் திரும்பிப் போனார்.
அடுத்த வருடம் வந்தவர்களுக்குப் பூச
வேறு சுவர் இருக்கவில்லை.
பவிஷன் கரண்டிக் காம்பால் தினமும் கொஞ்சம் சுரண்டுகிறான்.
திமிங்கிலத்தின் ஒரு கண் வரைக்கும் வந்துவிட்டான்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
மாதம் முப்பதாயிரம், மதியச் சாப்பாடு,
பஸ் காசு என்னுடையது.

மார்த்தே ஆறு கிழமைக்கு வந்திருக்கிறாள்.
இருபத்தொரு வயது. மூக்கில் தோல் உரிந்திருக்கிறது.
ஒரு சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்து
"ரெட்" என்கிறாள்.
பதினேழு பிள்ளைகளும்
அப்படியொரு நிறத்தைப் பிறந்ததிலிருந்து கண்டிராதவர்கள் போல்
வாயைப் பிளக்கிறார்கள்.
போன தை மாதமும் அவர்களுக்கு ரெட் தெரியாது.
அதற்கு முந்தின ஆவணியிலும் தெரியாது.
விதுர்ஷிகாதான் பழக்கி வைத்திருக்கிறாள்:
"உடன சொல்லக் கூடாது. மூண்டாந்தரம்தான் சொல்லோணும்.
பாவம், எவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்கிறா."

இதை நான் மொழிபெயர்ப்பதில்லை.

சொல்வதை விட விடுவதுதான் என் வேலையில் கூட.
"அம்மா எங்கே என்று கேளுங்கள்" என்றாள் முதல் நாள்.
நான் பவிஷனிடம் கேட்டது, "சாப்பிட்டியா?"
அன்றைக்குப் பூசணிக்காய்.
இல்லையென்று தலையை ஆட்டினான்.
அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்காக அவளை மட்டமாக நினைக்க வேண்டாம்.
கார்த்திகை மழையில் மூதூர் இன்ஷாபுக்கு டெங்கு.
பெரியாஸ்பத்திரி வாங்கில் மூன்று இரவும் அவள்தான் இருந்தாள்.
இளநீரைக் கரண்டியால் பருக்கினாள்.
சத்தியெடுத்ததை இரண்டு கையாலும் ஏந்தினாள்.
நேர்ஸ் சிங்களத்தில் ஏசினார்,
இவள் தன் மொழியில் மன்னிப்புக் கேட்டாள்,
இன்ஷாப் தமிழில் அனுங்கினான்.
விடியப் போய் நின்றேன்.
நான் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

மழை விட்ட ஞாயிறு, கோட்டை வாசல்.
மான்கள் லஞ்ச்சீற் தின்றுகொண்டிருந்தன.
மார்த்தே ஓடிப்போய் ஒன்றின் வாயிலிருந்து இழுத்தாள்.
மான் விடவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து,
விதுர்ஷிகா பெரியவளானால் என்ன செய்வாள்
என்று கேட்கச் சொன்னாள்.

விதுர்ஷிகா யோசிக்கவேயில்லை.
"இவாட நாட்டுக்குப் போய் ஆறு கிழமை நிப்பன்."
நிண்டு?
"அங்கத்தப் பிள்ளையளுக்குச் சுவர் பூசிக் குடுப்பன்.
பச்சை எண்டா என்னெண்டு சொல்லிக் குடுப்பன்.
அதுகளும் தெரியாத மாதிரி இருக்குங்கள்தானே."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.
டொக்டர், ரீச்சர், எத்தனையோ இருக்கிறது.
ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

மார்த்தே கையிலிருந்த லஞ்ச்சீற்றை
நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.
பிறகு விதுர்ஷிகாவின் பக்கம் திரும்பி
மரத்தைக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள்.
"பச்சை," என்றாள் விதுர்ஷிகா.
"பக்கே?"
"பச்சை."
"பட்சே?"
இவள் பொறுமையாக உதட்டைக் குவித்துக் காட்டினாள்.
மூன்றாந்தரம் சரியாக வந்தது.

ஐந்து கிழமையாகக் குசினி வாசலில் நின்று
"பச்சை மிளகாய் வேணாம், அக்கா" என்று
தமிழிலேயே கெஞ்சுகிறவள்.