பத்துக்கு எவ்வளவு

கருங்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடை.
ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான்
பஹ்ரைனிலிருந்து குரல்கள் வரத் தொடங்கும்.

மிடாலத்து பென்சிகருக்கு
இடது விலாவுக்குக் கீழே, நாலு நாளாக.
"உளையுது அக்கா. குத்தல் இல்ல,
கடுப்பும் இல்ல. உளைச்சல்."
பின்னால் படகின் எஞ்சின்.
யாரோ ஐஸ் உடைக்கிறார்கள்.

டாக்டரைப் பார்த்தானாம்.
முதலாளிக்க டிரைவர் கொண்டுபோய் விட,
டோக்கன் எடுத்து, மூணு மணிக்கூர் காத்திருந்து.
டாக்டர் எகிப்துக்காரர்.
மலையாளம் அறிந்த நர்ஸுக்கு அன்றைக்கு லீவு.
உளைச்சலுக்கு அங்கே யாரிடமும் வார்த்தை இல்லை.

பத்துக்கு எவ்வளவு என்று
டாக்டர் இரண்டு கை விரல்களையும் விரித்திருக்கிறார்.
இவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.
மூன்று தினார்.
திரும்பி வரும் வண்டிக்கு ஒன்றை ஒதுக்கிவிட்டு
இரண்டு விரல் காட்டினான்.

இரண்டு வலிக்கு என்ன கொடுப்பார்களோ
அதைக் கொடுத்தார்கள்.
பத்து வெள்ளை மாத்திரை.

சிரித்துவிட்டேன்.
அவன் அனுப்பிய பதிலிலும் சிரிப்புத்தான்,
பாதியில் அறுந்து மூச்சை இழுக்கிறான்.
அந்த இழுப்பை மட்டும்
திரும்பவும் போட்டுக் கேட்டேன்.

மூத்திரம் என்ன நிறம்?
கட்டஞ்சாயா.
கல்லாயிருக்கும்லே என்றேன்.
இங்கே என்றால் நடக்கும் தூரத்தில் மூன்று ஸ்கேன் சென்டர்,
தெருமுனையில் இளநீர்.
அதைச் சொல்லி அவனுக்கு என்ன ஆக?

"நாளைக்கே போ. எமர்ஜென்சியில் போய் நில்லு.
கேட்டால் எட்டு என்று சொல்லு."

"எட்டு தினாருக்கு நான் எங்க போக?"

"காசு இல்லலே. நோவு.
நோவு எத்தனை என்றுதான் கேட்கிறார்கள்."

அதற்குப் பிறகு வந்தது ஆறு நொடிக் குரல்.
ஐந்து நொடிக்கு எஞ்சின் மட்டும். பிறகு,
"அப்பம் ஒம்பதுண்ணு சொல்லட்டா?"

காலையில் அவன் மனைவி லிஜி
முதல் பஸ்ஸில் வந்து நிற்கிறாள்.
குறும்பனைக்காரன் ஒருத்தன் இன்றைக்கு விமானம் ஏறுகிறான்,
கொடுத்தனுப்ப வாயு மாத்திரை இருபது வேண்டும்.
வாயு என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறான்.
பில் வேண்டும், ஏர்போர்ட்டில் கேட்பார்களாம்.

இரண்டு அட்டையை வெட்டிக் கவரில் போடுகிறேன்.
பர்ஸைத் திறந்துகொண்டே
எவ்வளவு அக்கா என்கிறாள்.

ஒன்பது என்று
நாக்குவரை வந்துவிட்டது.